35-3 என்று தோற்றுக்கொண்டிருந்த பஃபலோ பில்ஸ் ஜெயித்த கதை: கேள்விகளும் பதில்களும்

எந்த ஆட்டத்தைப் பற்றிய பக்கம் இது?

1993 ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகருக்கு வெளியே இருக்கும் ஆர்ச்சர்ட் பார்க் என்ற ஊர், அங்கே ரிச் ஸ்டேடியம். பஃபலோ பில்ஸ் அணியும் ஹூஸ்டன் ஆய்லர்ஸ் அணியும் மோதிய அமெரிக்கன் ஃபுட்பால் பிளேஆஃப், அதாவது நாக்அவுட் ஆட்டம். தோற்றவருக்கு அந்த வருஷம் அதோடு முடிந்தது. மூன்றாவது கால்பகுதி தொடங்கிய சற்று நேரத்தில் ஸ்கோர் ஹூஸ்டன் 35, பஃபலோ 3. ஆட்டம் முடிந்தபோது பஃபலோ 41, ஹூஸ்டன் 38.

அமெரிக்காவில் 'தி கம்பேக்' என்று மொட்டையாகச் சொன்னாலே ஃபுட்பால் ரசிகர்களுக்கு இந்த ஆட்டம்தான் ஞாபகம் வரும். ஹூஸ்டன்காரர்கள் இதே ஆட்டத்தை 'தி சோக்' என்பார்கள், நெருக்கடியில் கைநழுவ விட்டது என்ற அர்த்தத்தில். எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதை வைத்தே ஆள் எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிடலாம்.

எனக்கு அமெரிக்கன் ஃபுட்பால் சுத்தமாகத் தெரியாது. எவ்வளவு தெரிந்தால் இந்தக் கதை புரியும்?

கொஞ்சம் போதும். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. முடியாது என்று தோன்றினால் நான்காவது வாய்ப்பில் பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்து அனுப்பிவிடுவார்கள். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் ஓர் உதையில் இன்னும் 1. கோடு வரை போக முடியாவிட்டால் கம்பத்துக்கு நடுவே உதைத்து ஃபீல்ட் கோல், 3 புள்ளி. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவர் எறிந்ததை எதிரணி பிடித்தால் இன்டர்செப்ஷன். 15 நிமிடம் வீதம் நான்கு கால்பகுதிகள்.

இன்னொன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பந்தைக் கையில் வைத்து ஓடி, மைதானத்துக்குள்ளேயே விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எறிந்த பந்தை யாரும் பிடிக்காமல் தரையில் விட்டால் கடிகாரம் நின்றுவிடும்.

32 புள்ளி வித்தியாசம் அவ்வளவு பெரிதா?

இன்றைய கணக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள். இன்று டச்டவுனுக்குப் பிறகு இரண்டு புள்ளிக்கு முயற்சி செய்யலாம், ஆக ஒரு தடவைக்கு 8 வரை கிடைக்கும். அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் அந்த விதி 1994இல்தான் வந்தது. 1993 ஜனவரியில் உச்சம் 7. அதனால் டச்டவுனாலேயே 32 புள்ளியை எட்ட வேண்டுமானால் பஃபலோ குறைந்தது ஐந்து தடவை டச்டவுன் போட வேண்டும், அதுவரை ஹூஸ்டன் ஒரு புள்ளிகூட எடுக்கக் கூடாது. கையில் இருந்தது அரை ஆட்டத்துக்கும் குறைவான நேரம்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு 2001 கொல்கத்தா டெஸ்ட் ஞாபகம் இருக்கும். ஃபாலோ ஆன் வாங்கிய இந்தியா ஆஸ்திரேலியாவை வென்ற டெஸ்ட். அந்த ரகம் இது. அங்கே இரண்டு நாள் அவகாசமாவது இருந்தது.

பஃபலோ நல்ல அணிதானே? எப்படி இவ்வளவு பின்தங்கியது?

நல்ல அணிதான். அதற்கு முந்தைய இரண்டு சீசனிலும் சூப்பர் பவுல் இறுதிப்போட்டி வரை போன அணி. ஆனால் அன்று பாதி அணிதான் களத்தில் இருந்தது. ஒரு வாரத்துக்கு முன், சீசனின் கடைசி ஆட்டத்தில், இதே ஹூஸ்டன் தன் ஊரில் பஃபலோவை 27-3 என்று அடித்திருந்தது. குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி அந்த ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். தற்காப்பில் முக்கியமானவரான கார்னேலியஸ் பென்னட்டும் பிளேஆஃபில் ஆடவில்லை. ஆட்டத்தின் நடுவில் இடுப்பில் அடிபட்டு, நம்பர் ஒன் ஓட்டக்காரர் தர்மன் தாமஸும் உட்கார்ந்துவிட்டார். பதிலுக்கு வந்தவர் கென்னத் டேவிஸ்.

ஒரே எதிரணியிடம் ஒரே வாரத்தில் இரண்டாவது முறை, அதுவும் சேனாதிபதி இல்லாமல்.

கெல்லிக்குப் பதிலாக வந்த ஃப்ராங்க் ரைக் யார்?

பெஞ்சில் உட்கார்ந்தே காலம் கழித்த மாற்று குவார்ட்டர்பேக். பொறுமையானவர், அலட்டிக்கொள்ளாதவர். ஆனால் அவர் பெயரில் ஒரு விசித்திரமான சாதனை ஏற்கெனவே இருந்தது.

1984 நவம்பர் 10. ரைக் மேரிலாண்ட் பல்கலைக்கழக அணியில் இருந்தார், அங்கேயும் மாற்று ஆள்தான். எதிரணி மயாமி, ஆட்டம் நடந்தது மயாமியின் ஆரஞ்ச் பவுல் மைதானத்தில். இடைவேளையில் மயாமி 31, மேரிலாண்ட் 0. இரண்டாம் பாதியில் ரைக்கை இறக்கினார்கள். முடிவு மேரிலாண்ட் 42, மயாமி 40. கல்லூரி ஃபுட்பாலில் அதுவரை யாரும் அவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் துரத்திப் பிடித்ததில்லை. 2006 வரை அந்தச் சாதனை அசையவில்லை.

அதாவது, உலகத்தில் இந்த வேலையை ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்த ஆள் ஒருவர் இருந்தார் என்றால், அவர் பஃபலோவின் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். கதையில் இப்படி எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார்.

முதல் பாதியில் என்ன நடந்தது?

வாரன் மூன் நடந்தது. ஹூஸ்டனின் குவார்ட்டர்பேக். கறுப்பினத்தவர் குவார்ட்டர்பேக்காக ஆட என்எஃப்எல் கதவு எளிதில் திறக்காத காலத்தில் கனடா லீக்கில் ஆடி, எட்மன்டன் அணிக்குக் கோப்பைகள் வாங்கிக்கொடுத்துவிட்டு வந்தவர். பிற்பாடு 2006இல் ஃபுட்பால் ஜாம்பவான்களின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்.

அன்று முதல் பாதியில் அவர் எறிந்தது 22, அதில் 19 சரியாகப் போய்ச் சேர்ந்தது, 4 டச்டவுன். ஹேவுட் ஜெஃபயர்ஸுக்கு இரண்டு, வெப்ஸ்டர் ஸ்லாட்டருக்கு ஒன்று, கர்டிஸ் டங்கனுக்கு ஒன்று. பஃபலோவுக்குக் கிடைத்தது ஸ்டீவ் கிறிஸ்டி உதைத்த ஒரு ஃபீல்ட் கோல். இடைவேளையில் 28-3.

இடைவேளையில் உடைமாற்றும் அறையில் யாராவது கர்ஜித்தார்களா?

சினிமா மாதிரி எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். கோச் மார்வ் லெவிக்கு அப்போது வயது 67. ஹார்வர்டில் வரலாறு படித்தவர், கத்திப் பேசுவது அவர் வழக்கமில்லை. ரைக் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னது வேறொரு விஷயம்: மூன்றாவது குவார்ட்டர்பேக் கேல் கில்பர்ட் பக்கத்தில் வந்து, கல்லூரியில் செய்ததை இங்கேயும் செய்ய முடியும் என்று நினைவுபடுத்தினாராம். களத்தில் இறங்க வாய்ப்பே இல்லாத ஒருவர் சொன்ன வார்த்தை.

அந்த நம்பிக்கைக்கு ஆயுள் இரண்டு நிமிடம்கூட இல்லை. மூன்றாம் கால்பகுதி தொடங்கி 1 நிமிடம் 41 விநாடியில், ரைக் எறிந்த பந்து தன் ஆள் கீத் மெக்கெல்லரின் கையில் பட்டுத் தெறிக்க, ஹூஸ்டனின் பப்பா மெக்டவல் அதைப் பிடித்து 58 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். 35-3. இனி ஸ்டேடியத்தின் விளக்குகளை பஃபலோ மேல் அணைத்துவிடலாம் என்கிற மாதிரி ஹூஸ்டன் ரேடியோ வர்ணனையாளர் பேசியது இன்றும் கிண்டலுக்கு உள்ளாகிறது.

திருப்பம் எங்கே ஆரம்பித்தது?

காற்றில். மெக்டவலின் டச்டவுனுக்குப் பிறகு ஹூஸ்டன் பந்தை உதைத்துக் கொடுக்க வேண்டும். உதைக்கப் போகும் நேரத்தில் காற்று பந்தை அசைத்துவிட்டது. அல் டெல் கிரேகோவின் உதை சரியாகப் படாமல் தரையோடு உருண்டு போக, பஃபலோவுக்குப் பந்து நடுக்கோட்டிலேயே கிடைத்தது. பாதி மைதானம் இனாம். அங்கிருந்து மெல்ல நகர்ந்து போய், கென்னத் டேவிஸ் 1 யார்டு ஓட்டத்தில் டச்டவுன் போட்டார். 35-10. அரங்கத்தில் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை.

அடுத்த ஆறு நிமிடத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்?

சொல்லத்தான் இந்தப் பக்கமே.

மூன்றாம் கால்பகுதியில் 8 நிமிடம் 52 விநாடி மிச்சம் இருக்கும்போது டேவிஸின் டச்டவுன். டச்டவுன் போட்ட அணி பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் பந்து 10 யார்டு உருண்டுவிட்டால், உதைத்த அணியே பாய்ந்து பிடித்துக்கொள்ளலாம். இதற்கு ஆன்சைடு கிக் என்று பெயர். பெரும்பாலும் பலிக்காது, வேறு வழியே இல்லாதவர்கள் ஆடும் சூதாட்டம். பஃபலோ ஆடியது. கிறிஸ்டி உதைத்தார், அவரே ஓடிப்போய் பந்தின் மேல் விழுந்தார். உதைப்பவர்களை ஃபுட்பாலில் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள், உடம்பில் மண் ஒட்டாத ஆட்கள் என்று. அந்த உதைக்குப் பிறகு அவரை யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

7:46 மிச்சம். இடது ஓரமாக ஓடிய டான் பீபிக்கு ரைக் நீளமாக எறிந்தார். 38 யார்டு டச்டவுன். 35-17. இந்த டச்டவுனில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, தனியாகப் பேசலாம்.

ஹூஸ்டன் பந்தை வாங்கியது, மூன்று முயற்சியிலும் 10 யார்டு போக முடியவில்லை. உதைத்து அனுப்பியதும் குட்டையாக விழுந்தது. 4:21 மிச்சம். ஆண்ட்ரே ரீட், 26 யார்டு, டச்டவுன். 35-24.

இப்போது அரங்கத்தின் சத்தம் மாறிவிட்டது. பதிவில் கேட்டாலே தெரியும். ஹூஸ்டனுக்குப் பந்து. மூன் எறிந்தது ஒரு கையில் பட்டுத் தெறித்து ஹென்றி ஜோன்ஸிடம் போனது. இன்டர்செப்ஷன். பஃபலோ மறுபடி ஹூஸ்டனின் வாசலில். ஆனால் மூன்று முயற்சியில் ஐந்து யார்டு குறைகிறது. நான்காவது வாய்ப்பு, கோடு 18 யார்டு தூரத்தில். எந்தக் கோச்சும் இங்கே ஃபீல்ட் கோலுக்கு ஆள் அனுப்புவார். மூன்று புள்ளி கிட்டத்தட்ட நிச்சயம். லெவி அனுப்பவில்லை. ரைக் நடுவில் எறிந்தார், ரீட் பிடித்தார், கோட்டுக்குள் விழுந்தார். 2 நிமிடம் மிச்சம். 35-31.

8:52இலிருந்து 2:00 வரை. 6 நிமிடம் 52 விநாடியில் 28 புள்ளி. ஒரு டீ போட்டு ஆற்றிக் குடிக்கும் நேரம்.

பீபியின் டச்டவுன் செல்லாது என்கிறார்களே?

செல்லாதுதான். ஓடும்போது பீபியின் கால் ஓரக்கோட்டுக்கு வெளியே பட்டது. யாரும் தள்ளாமல் தானாக வெளியே போய்விட்டு உள்ளே வந்தவர் முதல் ஆளாகப் பந்தைத் தொடக் கூடாது என்பது விதி. நடுவர்கள் கவனிக்கவில்லை.

வீடியோ பார்த்துத் திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்எஃப்எல்லில் 1986 முதல் 1991 வரை வீடியோ மறுபரிசீலனை இருந்தது. அணி உரிமையாளர்கள் அதை ரத்து செய்தது சரியாக 1992 சீசனுக்கு முன்புதான். மறுபடி வந்தது 1999இல். ஹூஸ்டனின் துரதிர்ஷ்டம் அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டது.

அதற்காக அந்த ஒரு தீர்ப்பால்தான் பஃபலோ ஜெயித்தது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். செல்லாது என்று சொல்லியிருந்தாலும் பந்து பஃபலோவிடமேதான் இருந்திருக்கும். அப்போது ஹூஸ்டன் 25 புள்ளி முன்னால் இருந்தது.

ஹூஸ்டன் ஏன் பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைக்கவில்லை?

இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான் என்பது என் கட்சி. எல்லோரும் பஃபலோவின் வீரத்தைப் பேசுகிறார்கள். நியாயம்தான். ஆனால் 32 புள்ளி முன்னால் இருக்கும் அணி ஒன்றும் செய்ய வேண்டாம். பந்தைக் கையில் இறுக்கிப் பிடித்து ஓட வேண்டும், விழ வேண்டும், எழுந்து மறுபடி ஓட வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் சுமார் 40 விநாடியை விழுங்கும். பார்க்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் ஆட்டம் தானாகச் செத்துவிடும்.

ஹூஸ்டனுக்கு அது கைவராது. அவர்கள் ஆடியது 'ரன் அண்ட் ஷூட்' என்ற பாணி. பெயரில்தான் ஓட்டம் இருக்கிறது. நான்கு பேர் நான்கு திசையில் ஓடுவார்கள், மூன் எறிவார், இதுதான் சாரம். முட்டி மோதி வழி ஏற்படுத்திக் கொடுக்கும் கனத்த ஆட்களான டைட் எண்டுகள் அந்தப் பாணியில் கிடையாது. அன்று மொத்தம் 50 தடவை எறிந்தார்கள். போய்ச் சேராத ஒவ்வொரு எறிதலும் கடிகாரத்தை நிறுத்தி, பஃபலோவுக்கு நேரத்தைத் தானமாகக் கொடுத்தது. முதல் பாதியில் 28 புள்ளி தந்த அதே ஆட்டமுறைதான் இரண்டாம் பாதியில் பூட்டுப் போடத் தெரியாத வீடாக இருந்தது.

இதை அவர்கள் உணர்ந்தார்களா என்றால், அடுத்த வருஷம் நடந்த ஒரு அடிதடி இருக்கிறது. கீழே சொல்கிறேன்.

கடைசிக் கால்பகுதியில்?

ஹூஸ்டன் செத்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பஃபலோவின் கோட்டுக்கு அருகில் வரை போய் 31 யார்டு ஃபீல்ட் கோலுக்குத் தயாரானார்கள். பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்க வேண்டிய கிரெக் மான்ட்கோமரியின் கையிலிருந்து அது நழுவிவிட்டது. பஃபலோ அள்ளிக்கொண்டது. டேவிஸ் ஒரே ஓட்டத்தில் 35 யார்டு போனார். 3:08 மிச்சம் இருக்கும்போது ரீட்டுக்கு அன்றைய மூன்றாவது டச்டவுன், 17 யார்டு. பஃபலோ 38, ஹூஸ்டன் 35. முதல் தடவையாக முன்னிலை.

மூன் அப்போதும் கலங்கவில்லை. மைதானம் முழுக்க அணியை நடத்திப் போனார். 12 விநாடி மிச்சம், டெல் கிரேகோ 26 யார்டு ஃபீல்ட் கோல். 38-38.

ஓவர்டைம். அந்தக் காலத்து விதிப்படி முதலில் புள்ளி எடுத்தவர் ஜெயித்தார், அவ்வளவுதான். டாஸ் ஜெயித்து ஹூஸ்டன் பந்தை வாங்கியது. சில முயற்சிகளுக்குள் மூன் எறிந்ததை நேட் ஓடம்ஸ் பிடித்துவிட்டார். கிறிஸ்டி 32 யார்டிலிருந்து உதைத்தார். 41-38.

அப்படியானால் மூன்தான் தோற்கடித்தாரா?

50க்கு 36, 371 யார்டு, 4 டச்டவுன், 2 இன்டர்செப்ஷன். இரண்டும் கெட்ட நேரத்தில் வந்தவை, மறுக்க முடியாது. ஆனால் 12 விநாடி இருக்கும்போது சமன் செய்ய வழி ஏற்படுத்தியதும் அவர்தான். ரைக்கின் கணக்கு 34க்கு 21, 289 யார்டு, 4 டச்டவுன், 1 இன்டர்செப்ஷன். இரண்டு கணக்கையும் பெயர் மறைத்துக் காட்டினால், ஜெயித்தவர் என்று பாதிப் பேர் மூனைத்தான் காட்டுவார்கள்.

ஹூஸ்டன் நிர்வாகம் பழியை வேறு இடத்தில் வைத்தது. தற்காப்புக்குப் பொறுப்பான பயிற்சியாளர் ஜிம் எடிக்கு மறுநாளே வேலை போனது.

பாதி ஆட்டத்தில் ரசிகர்கள் எழுந்து போய்விட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. அன்று வந்திருந்தவர்கள் 75,141 பேர். ஜனவரிக் குளிரில், 28-3க்கும் 35-3க்கும் நடுவே நிறையப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். கார் ரேடியோவில் டச்டவுன் மேல் டச்டவுனாகக் கேட்டுத் திரும்பி வந்தவர்களும் உண்டு. வெளியே போனவர்களை உள்ளே விடுவதில்லை என்பது ஸ்டேடியத்தின் வழக்கம், அதனால் வேலி ஏறிக் குதித்தார்கள்.

ரேடியோ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பஃபலோவில் யார் வீட்டு டிவியிலும் இந்த ஆட்டம் வரவில்லை. 72 மணி நேரத்துக்கு முன் எல்லா டிக்கெட்டும் விற்காவிட்டால், சுற்றுவட்டாரம் 75 மைலுக்கு ஒளிபரப்பு கூடாது என்று என்எஃப்எல் விதி வைத்திருந்தது. 80,000 பேர் கொள்ளும் அரங்கம் நிரம்பவில்லை. ஆக, நாடே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தை அந்த ஊர்க்காரர்கள் மட்டும் காதால்தான் பார்த்தார்கள், வேன் மில்லரின் வர்ணனையில். என்எஃப்எல் அந்த விதியை 2015இல்தான் நிறுத்தி வைத்தது.

முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்பவர்களின் எண்ணிக்கை வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறது என்று பஃபலோவில் ஒரு நகைச்சுவை உண்டு.

சரி, அந்த வருஷம் பஃபலோ சாம்பியன் ஆனதா?

இல்லை. அடுத்த வாரம் ரைக்கே ஆடி, பிட்ஸ்பர்க்கை 24-3 என்று வென்றார்கள். கெல்லி திரும்பி வந்து மயாமியை 29-10 என்று முடித்தார்கள். சூப்பர் பவுலில் டல்லாஸ் கௌபாய்ஸிடம் 52-17 என்று சின்னாபின்னமானார்கள். ஒன்பது தடவை பந்தைத் தொலைத்தார்கள்.

அந்த டல்லாஸின் கோச் ஜிம்மி ஜான்சன். 1984இல் ரைக்கிடம் 31-0 முன்னிலையை இழந்த மயாமியின் கோச்சும் இதே ஆள்தான். சூப்பர் பவுலில் கெல்லி மறுபடி அடிபட, ரைக் மறுபடி உள்ளே வந்தார். ஜான்சனுக்கு வயிறு கலங்கியிருக்குமா தெரியாது, ஆனால் மூன்றாவது அதிசயம் நடக்கவில்லை. பஃபலோ அடுத்தடுத்து நான்கு வருஷம் சூப்பர் பவுலுக்குப் போய் நான்கிலும் தோற்றது.

பீபியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனசில்லை. அந்த சூப்பர் பவுலில், தோல்வி உறுதியான பிறகு, டல்லாஸின் லியான் லெட் பந்தோடு தனியாக ஓடி, கோட்டுக்கு முன்பே கையை நீட்டிக் கொண்டாட ஆரம்பித்தார். பின்னாலிருந்து மைதானம் முழுக்கத் துரத்தி வந்த பீபி, பந்தைத் தட்டிவிட்டார். ஆட்டத்தின் முடிவு அதனால் மாறவில்லை.

ஹூஸ்டன் என்ன ஆனது? அந்த அடிதடி?

எடிக்குப் பதிலாகத் தற்காப்புக்கு வந்தவர் பட்டி ரயன். முரட்டு ஆள். ரன் அண்ட் ஷூட்டை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. 1994 ஜனவரி 2ஆம் தேதி, 'கம்பேக்' நடந்து ஒரு வருஷத்துக்கு ஒரு நாள் குறைவு. இடைவேளைக்குச் சற்று முன் ஹூஸ்டன் பந்தை வைத்து நேரத்தைக் கரைக்காமல் எறியப் போய், பந்தைத் தவறவிட்டது. ரயன் நேராக எறிதல் ஆட்டத்தின் பயிற்சியாளர் கெவின் கில்பிரைடிடம் போய், டிவி கேமரா முன்னாலேயே குத்துவிட்டார். இரண்டு பேரும் ஒரே அணி! மேலே நான் கேட்ட கேள்வியைத்தான் அவர் முஷ்டியால் கேட்டார்.

1997இல் அணி ஸ்டேடியத் தகராறில் ஊரையே விட்டு டென்னசிக்குப் போனது, 1999 முதல் டைட்டன்ஸ் என்று பெயர். 2000 ஜனவரி 8இல் நாஷ்வில்லில் டைட்டன்ஸும் பஃபலோவும் பிளேஆஃபில் சந்தித்தார்கள். 16 விநாடி மிச்சம், பஃபலோ ஒரு புள்ளி முன்னால். பந்தை உதைத்தவர் நம் கிறிஸ்டி. டைட்டன்ஸ் ஆட்கள் பந்தைப் பக்கவாட்டில் எறிந்து கைமாற்றி, கெவின் டைசன் 75 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். அந்த எறிதல் முன்னால் போயிருந்தால் செல்லாது. அப்போது வீடியோ மறுபரிசீலனை திரும்பி வந்திருந்தது. பார்த்தார்கள், செல்லும் என்றார்கள். 22-16. அதன்பின் 17 சீசன் பஃபலோவுக்குப் பிளேஆஃபே கிடையாது.

சாதனை இன்னும் அப்படியே இருக்கிறதா?

பிளேஆஃபில் இன்றும் இதுதான் முதலிடம். ஒட்டுமொத்தத்தில் 2022 டிசம்பர் 17இல் கைமாறியது. மினசோட்டா வைக்கிங்ஸ் இடைவேளையில் 33-0 என்று இன்டியனாபோலிஸ் கோல்ட்ஸிடம் தோற்றுக்கொண்டிருந்து, ஓவர்டைமில் 39-36 என்று ஜெயித்தது. ஒரே ஒரு புள்ளி கூடுதல்.

அன்று கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக் மேட் ரயன். 2017 சூப்பர் பவுலில் அட்லாண்டா 28-3 முன்னிலையை நியூ இங்கிலாந்திடம் இழந்து 34-28 என்று தோற்றபோது அட்லாண்டாவுக்கு ஆடியவரும் அவரே. பாவம். கோல்ட்ஸின் கோச்சாக அந்த சீசனைத் தொடங்கியவர் யார் தெரியுமா? ஃப்ராங்க் ரைக். ஆறு வாரத்துக்கு முன்புதான் அவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள்.

முழு ஆட்டமும் பார்க்க நேரமில்லை. ஒரே ஒரு காட்சி என்றால் எதைப் பார்ப்பது?

எல்லோரும் கடைசி உதையைச் சொல்வார்கள். நான் அந்த நான்காவது வாய்ப்பைச் சொல்வேன், 35-24இல். 18 யார்டில் பந்து. ஃபீல்ட் கோல் உதைப்பவர்கள் ஓரத்திலேயே நிற்கிறார்கள், ரைக் களத்தை விட்டு வரவில்லை. பந்து கிளம்புவதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி, பின்னால் தெரியும் இருக்கைகளைப் பாருங்கள். இடையிடையே காலியாக இருக்கும்.